நைட்டு தூங்குனியா மாப்ள?

(மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்துப் பொங்கல் விழா மேடையில பேசுனது. ரெக்கார்டிங்க கேட்டு அப்படியே டைப் பண்ணிருக்கு, இருமலையும் கரண்டு போன அஞ்சு நிமிஷத்தையும் மட்டும் எடுத்தாச்சு.)

மேடையில இருக்குற பெரியவங்களுக்கும், கீழ பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருக்குற அண்ணன் தம்பிங்களுக்கும், சேர் பத்தாம டிராக்டர் டிரெய்லர் மேல ஏறி உக்காந்துருக்குற மாப்ளைங்களுக்கும் வணக்கம். நோட்டீஸ்ல என் பேருக்கு நேரா 'ஆண்களின் மனநலம்'னு போட்டுருக்காங்க, அத பாத்துட்டு காலையிலயே டீக்கடையில ஒருத்தர் கேட்டார், ஏன் சார் நம்மூர்ல எவனுக்கு பைத்தியம் புடிச்சிருக்குன்னு. அவர சொல்லி குத்தமில்ல, மனநலம்னாலே நமக்கு ஞாபகம் வர்றது கீழ்ப்பாக்கம், இல்லன்னா குணசீலம் கோயில். நான் பேச வந்தது நல்லா வேலைக்குப் போயிக்கிட்டு, நல்லா சாப்டுக்கிட்டு, நம்ம கூடவே சிரிச்சுக்கிட்டு இருக்குற ஆள பத்தி. நான் டாக்டரும் இல்ல, வேளாண்மைத் துறையில உதவி வேளாண் அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன், எனக்குத் தெரிஞ்சது வயலும் வயக்காரனும்தான்.

கணக்க மட்டும் ஒருதடவ சொல்லிடறேன், அப்புறம் நம்பரே வராதுன்னு சொல்ல மாட்டேன், அங்கங்க வரும். தேசிய குற்ற ஆவண காப்பகம் வருஷா வருஷம் புள்ளிவிவரம் போடுது. 2022ல நம்ம நாட்டுல தற்கொலையில போனவங்க 1,70,924 பேர், அதுல ஆம்பளைங்க மட்டும் 1,22,724. பத்துக்கு ஏழு. தமிழ்நாட்டுல 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். யாருன்னு பாத்தா தினக்கூலி ஆளுங்கதான் முதல்ல, மொத்தத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல. டிவியில விவசாயி விவசாயின்னு சொல்றோம், சரி, சொல்ல வேண்டியதுதான், ஆனா சொந்தமா ஒரு குழி நிலம் இல்லாம மூட்டை தூக்கவும் சென்ட்ரிங் வேலைக்கும் போறவன பத்தி எவன் பேசுறான்? காரணம்னு எழுதுனதுல குடும்பப் பிரச்சனை முதல்ல, நோய் ரெண்டாவது. காதல் தோல்வியெல்லாம் அதுக்கு ரொம்ப கீழ.

நம்ம பக்கத்து ஆம்பளைக்கு இன்னொரு சங்கதி இருக்கு. அவனோட மனசு மேட்டூர் டேம்ல கட்டியிருக்கு. ஜூன் 12 தண்ணி வரும்னு வெதைய வாங்கி வச்சுருப்பான், 2012லேருந்து 2019 வரைக்கும் தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில தொறக்கல, குறுவை போச்சு, சில வருஷம் சம்பாவும் கருகுச்சு. அதுக்குள்ள 2018 நவம்பர் 16 கஜா புயல். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், தாத்தா வச்ச தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில படுத்துருச்சு. திரும்ப வச்ச கன்னு காய்க்க அஞ்சாறு வருஷம் ஆவும். நேத்து வரைக்கும் நாலு பேருக்கு கூலி குடுத்தவன் மறுநாள் நிவாரண அரிசிக்கு வரிசையில நின்னான், அத அவன் யார்கிட்ட போய் சொல்லுவான்?

சொல்ல மாட்டான். அதுதான் இங்க விஷயமே. எனக்கு மனசு சரியில்லன்னு எந்த ஆம்பள வந்து சொல்லிருக்கான்? முதுகு வலிங்குறான், வயித்துல கேஸுங்குறான், மாமா வீட்டு விசேஷத்துக்கு கூப்டா வரல, ஏன்னா திரும்பச் செய்ய வேண்டிய மொய் நோட்டுல நிக்குது, கையில காசில்ல. எப்பவும் உக்கார்ற டீக்கடைய விட்டுட்டு அடுத்த தெரு கடைக்கு போறான், ஏன்னா இங்க பாக்கி. சின்ன விஷயத்துக்கு புள்ளைய போட்டு அடிக்கிறான். சிங்கப்பூர்லேருந்து ஒப்பந்தம் முடிஞ்சு வந்தவன் வெளியவே தலகாட்ட மாட்டேங்குறான், எப்ப திரும்ப போறன்னு எல்லாரும் கேக்குறாங்கல்ல, அந்தக் கேள்விக்கு பயந்து. இதெல்லாம் நாம பாக்குறோம். பாத்துட்டு, திமிருங்குறோம், குடிகாரன்ங்குறோம்.

நம்ம வீட்டு பொம்பளைங்கள பாருங்க. 1989ல தர்மபுரியில ஆரம்பிச்ச மகளிர் சுய உதவிக் குழு இன்னிக்கு தெருவுக்கு தெரு இருக்கு. கடன் வாங்குற தொல்லை அதுலயும் உண்டு, நான் ஒன்னும் அத சொர்க்கம்னு சொல்லல, ஆனா வாரத்துக்கு ஒருநாள் பத்து பேர் வட்டமா உக்கார்றாங்க, ஒருத்தி வரலைன்னா ஏன் வரலன்னு இன்னொருத்தி வீட்டுக்கே போய் கேக்குறா. ஆம்பளைக்கு அந்த மாதிரி என்ன இருக்கு? டாஸ்மாக் பார். அங்க ஒருத்தன் வரலைன்னா சரக்கு மிச்சம்னுதான் நினைப்பாங்க. (சிரிப்பு) சிரிங்க, ஆனா உண்மைதான?

சரி அப்ப ஆம்பளைங்களையும் வட்டமா உக்கார வச்சு உன் கவலைய சொல்லுன்னா சொல்லுவானா? மாட்டான், எந்திரிச்சு போயிருவான். அவன் பேசுற இடம் வேற. நெல்லு கொள்முதல் நிலையத்துல நான் ராத்திரி ராத்திரியா கிடந்தவன், சொல்றேன் கேளுங்க. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கு, எடுக்க மாட்டேன்னுட்டாங்க, தென்கிழக்க மின்னுது, நெல்ல கொட்டி வச்சவங்கல்லாம் படுதாவ இழுத்து மூடிக்கிட்டு இருக்கோம். ஒருத்தர், நல்ல கவுரவமான மனுஷன், படுதா ஓரத்துல காத்துக்கு தூக்காம இருக்க செங்கல்ல வரிசையா வச்சுக்கிட்டே வந்தவரு, என் முகத்த பாக்காமலே சொன்னாரு, சார், பேங்குல வச்ச சங்கிலிய மீட்டுட்டேன்னு வீட்ல சொல்லி குடுத்துட்டேன், மீட்கல, அவ கழுத்துல கிடக்குறது கவரிங்கு, அவளுக்கே தெரியாது. சொல்லிட்டு அடுத்த செங்கல்ல எடுக்கப் போயிட்டாரு. நான் ஒன்னும் சொல்லல, நானும் ஒரு செங்கல்ல தூக்கி அந்தப் பக்கம் வச்சேன். ஓரம் பூரா வச்சு முடிக்கிறதுக்குள்ள மிச்சக் கதை மொத்தத்தையும் அவரே சொல்லிட்டாரு. எதிர எதிர சேர போட்டு, சொல்லுங்க உங்க பிரச்சனை என்னன்னு கேட்டுருந்தா அந்த மனுஷன் செத்தாலும் வாயத் தொறந்துருக்க மாட்டாரு.

இதையே ஆஸ்திரேலியாவுல ஒரு ஏற்பாடாவே பண்ணி வச்சுருக்காங்க. 1990கள்ல ஆரம்பிச்சது, ஆண்களுக்கான பட்டறை மாதிரி ஒரு கொட்டாய், ரிட்டயர் ஆனவங்க, தனியா இருக்குறவங்க அங்க வந்து உடைஞ்ச நாற்காலிய சரி பண்றது, மரவேலை பாக்குறதுன்னு ஏதோ ஒரு வேலை, நடுவுல டீ. கவுன்சிலிங்னு போர்டு கிடையாது. ஆம்பள நேருக்கு நேரா பேச மாட்டான், தோளோட தோள் நின்னு வேலை பாக்குறப்ப பேசுவான், அதுதான் அவங்க கண்டுபிடிப்பு. இப்ப அந்த நாட்டுல ஆயிரத்துக்கு மேல அந்த மாதிரி இருக்கு.

நமக்கு கொட்டாய் கூட வேணாம். வாய்க்கா இருக்கு. நம்ம 'பி' வாய்க்கால்ல ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கே, நீர்வளத்துறை வந்து எடுப்பான் எடுப்பான்னு எத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருக்கோம்? மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு மம்பட்டியோட இறங்குவோம், எட்டரைக்கு ஏறி பழைய சோறோ இட்லியோ ஒன்னா சாப்டுவோம், அவ்ளோதான் திட்டம். அதுக்கு பேரு வைக்காதீங்க, பேனர் வைக்காதீங்க, முக்கியமா தலைவர் செயலாளர்னு போடாதீங்க, போட்டா அடுத்த மாசமே ரெண்டு கோஷ்டி ஆயிரும், நம்மூர் லட்சணம் எனக்குத் தெரியாதா? வேலை செய்ய முடியாத பெரியவர் கரையில உக்காந்து குத்தம் சொல்லட்டும், அவரும் வீட்ட விட்டு வெளிய வந்த மாதிரி இருக்கும்.

டாக்டருக்கு படிச்சாதான் ஆறுதல் சொல்ல முடியும்னு இல்ல. ஜிம்பாப்வேல ஹராரே ஊர்ல டிக்சன் சிபாண்டானு ஒரு மனநல டாக்டர், நாடு பூராவுக்கும் மனநல டாக்டர்ங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருந்தாங்க, அவர் 2006ல என்ன பண்ணாருன்னா ஊர்ல இருக்குற பாட்டிமாருக்கு பயிற்சி குடுத்து ஆஸ்பத்திரி வளாகத்துல ஒரு மரபெஞ்சில உக்கார வச்சுட்டாரு. அது ரொம்ப தூரம்னா கோவாவுக்கு வாங்க. சங்காத்னு ஒரு அமைப்பு, அளவுக்கு மீறி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பேச்சு மூலமா உதவி, பேசுனது டாக்டர் இல்ல, பயிற்சி வாங்குன உள்ளூர் ஆளுங்க, ஒருத்தருக்கு அதிகம் போனா நாலு தடவ. மூணு மாசம் கழிச்சு பாத்தா அப்படி பேசுனவங்கள்ல 100க்கு 36 பேர் ஆபத்தான குடியிலேருந்து வெளிய வந்துருந்தாங்க, வழக்கமான வைத்தியம் மட்டும் பாத்தவங்கள்ல 26 பேர். பெரிய மந்திரம் இல்லதான். ஆனா அந்த பத்து பேரும் பத்து குடும்பம்ல?

நம்மூர்ல அந்த ஆளு யாரு? நான் சொல்றேன், சலூன் வச்சுருக்குற தம்பி. கண்ண மூடிக்கிட்டு கழுத்த நீட்டி உக்கார்றப்ப ஆம்பள என்னென்ன பேசுறான்னு அவருக்குத்தான் தெரியும். அப்புறம் டீ மாஸ்டர், பால் சொசைட்டியில ஊத்துறவர், பிடி சார், மருந்துக் கடைக்காரர், பூச்சி மருந்துக் கடைக்காரரையும் சேத்துத்தான் சொல்றேன். இந்த ஏழெட்டு பேர ஒருநாள் உக்கார வச்சு, மாவட்ட மனநலத் திட்டத்துலேருந்து ஆள கூப்ட்டு பேசச் சொன்னா போதும், ஆரம்ப சுகாதார நிலையம் மூலமா கேட்டா வருவாங்க.

எப்படி கேக்குறதுன்னு சொல்றேன். என்ன மாப்ள ரெண்டு வாரமா ஆளையே காணோம்னு கேப்போம், ஒன்னுமில்ல மச்சான் வேலைம்பான், சரின்னு நாமளும் வண்டிய எடுத்துருவோம். எடுக்காதீங்க. சைடு ஸ்டாண்ட போடுங்க. நைட்டு தூங்குனியாடான்னு கேளுங்க. தூக்கத்த பத்தி சொல்றதுல ஆம்பளைக்கு வெக்கம் கிடையாது, மூணு மணிக்கு முழிப்பு வந்துருது மச்சான்பான். முழிச்சுட்டு என்ன பண்ணுவ? திண்ணையில உக்காந்துருப்பேன். என்ன ஓடும்? இப்ப வாயத் தொறப்பான். பேச்சு ஒரு மாதிரி போகுது, நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதிங்குற மாதிரி ஏதாவது வருதுன்னா நேராவே கேட்டுருங்க, செத்துரலாம்னு தோணுதாடான்னு. கேட்டா புதுசா ஆசைய கிளப்பி விட்ட மாதிரி ஆயிரும்னு பயப்படுவீங்க, ஆவாது, உலக சுகாதார நிறுவனமே கேக்கச் சொல்லுது. கேட்டா அவனுக்கு பாரம் இறங்கும். ஆம்பள அழுவலாமா, உன்னவிட கஷ்டப்படுறவன் இல்லையா, புள்ளைங்கள நினைச்சுப் பாரு, இந்த மூணையும் மட்டும் சொல்லிறாதீங்க. புள்ளைங்கள அவன் நினைக்காமலா இருக்கான், தான் அதுங்களுக்கு பாரம்னு நினைச்சுத்தான் அந்த இடத்துக்கே வந்துருக்கான். ஆமான்னு சொன்னா அன்னிக்கு அவன தனியா விடாதீங்க, அவ்ளோதான்.

பூச்சி மருந்து விஷயத்துக்கு வர்றேன், இது என் துறை, இதுல எனக்கு கோவம் ஜாஸ்தி. நம்ம வீட்ல அது எங்க இருக்கு? மாட்டுக்கொட்டாய் எரவானத்துல, சில வீட்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. அந்த முடிவுங்குறது பல பேருக்கு கொஞ்ச நேரத்து கொந்தளிப்பு, அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல அது இல்லன்னா ஆளு பொழச்சுக்குவான். நம்ம கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துல, சென்னையில 1986ல சினேகா அமைப்ப ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு ஒரு வேலை பண்ணாங்க, ரெண்டு ஊர்ல பொதுவா ஒரு மருந்து கிடங்கு கட்டி, பூட்டுற பெட்டி குடுத்து, பாத்துக்க ஒரு ஆளு. ஊர்க்காரங்களும் ஏத்துக்கிட்டு அங்கயே வச்சு எடுத்துருக்காங்க, 2013ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. அதுக்கு வீட்லயே ஒரு பெட்டிய வச்சு பூட்டிக்கலாமேன்னு தோணும். இலங்கையில அனுராதபுரம் பக்கம் அதையும் செஞ்சு பாத்துட்டாங்க, 50,000 வீட்டுக்கு மேல, பாதிப் பேருக்கு பூட்டுற பெட்டி குடுத்து, 2017ல முடிவு வந்துச்சு, சாவு குறைஞ்சதுக்கு ஆதாரமே இல்ல. சாவி அவன் இடுப்புலதான இருக்கு! அந்த நாட்டுல குறைச்சது கொடிய மருந்துங்கள கடையிலேருந்தே தடை பண்ணதுதான். தடை பண்றது நம்ம கையில இல்ல, ஆனா கூட்டுறவு சங்கத்து பழைய உரக் குடோன் ஒன்னு சும்மா கிடக்குதே, அத கேக்கலாம்ல? தலைவர் மேடையிலதான் இருக்காரு, தலைய ஆட்டுறாரு, எல்லாரும் பாத்துக்கங்க.

ஆஸ்பத்திரி. திருவாரூர் மெடிக்கல் காலேஜ்லயும் தஞ்சாவூர் மெடிக்கல்லயும் மனநல ஓபி இருக்கு, மாத்திரை இலவசம். போன்னு சொல்லாதீங்க, வண்டியில ஏத்திக்கிட்டு போங்க, சீட்டு வாங்குற வரிசையில நீங்க நில்லுங்க. குணசீலத்துல 48 நாள் தங்குறேன்னு வேண்டிக்கிட்டா தாராளமா தங்கட்டும், நான் பெருமாளுக்கு எதிரி இல்ல, மாத்திரைய பையில எடுத்துட்டு போகட்டும். போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்லேருந்து நாள் பூரா எடுக்குறாங்க, தமிழ்லயே பேசலாம், 104ம் இருக்கு. முயற்சி பண்ணவன போலீசு கேஸு போடுவான்னு பயந்து தவறுதலா குடிச்சுட்டான்னு டாக்டர்கிட்ட பொய் சொல்றாங்க, அது வேணாம். 2017 மனநலச் சட்டம் அவன் கடும் மன அழுத்தத்துல இருந்தான்னுதான் எடுத்துக்கணுங்குது, 2024 ஜூலைல வந்த புது குற்றவியல் சட்டத்துல, தற்கொலை முயற்சிய குத்தம்னு சொன்ன பழைய 309 மாதிரி பொதுவான பிரிவு கிடையாது. இன்னொன்னு, இந்த மாதிரி ஏதாவது நடந்துட்டா ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ போடுறவன நான் சும்மா விடமாட்டேன், அட்மின் யாருப்பா, கேட்டுக்க.

என்னம்மா, ஏதோ கேக்கணும்ங்குறீங்க. மைக்க குடுங்க அவங்களுக்கு.

(பின்வரிசையிலேருந்து ஒரு அம்மா: "குடிச்சுட்டு வந்து அடிக்கிறாரே, அவரயும் தூங்குனியான்னு கேக்கணுமா சார்?")

நல்ல கேள்வி, இத நானே சொல்லிருக்கணும். மனசு கஷ்டம்ங்குறது பொண்டாட்டிய அடிக்க லைசென்ஸ் இல்லம்மா. நீங்க கேக்க வேணாம், அது உங்க வேலையும் இல்ல. அடி விழுற வீட்ல முதல்ல உங்களையும் புள்ளைங்களையும் பத்திரமான எடத்துக்கு கொண்டு போறதுதான், 181க்கு போன் பண்ணுங்க, பெண்களுக்கான உதவி எண், ராத்திரியிலயும் எடுப்பாங்க. அவர கேக்க வேண்டியவங்க இந்தா முன்வரிசையில உக்காந்துருக்காங்கல்ல, அவரோட பங்காளிங்க, கூடச் சேந்து குடிக்கிறவங்க, இவங்க. கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பக்கம் நூலகத் திண்ணைக்கு வாங்கம்மா, பஞ்சாயத்துல இருக்குற ரெண்டு அக்காங்களும் அங்க வருவாங்க, பேசிட்டு போவோம். மைக்க தலைவர்கிட்ட குடுங்க தம்பி, அந்த குடோன் சாவிய பத்தி அவர் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்.