கோபோலிக்கு வந்த விண்கலம்

எல்லோருக்கும் வணக்கம். என்னை இங்கே அறிவியல் புனைகதை ஆர்வலர் என்று அறிமுகப்படுத்தினார்கள். இத்தனை வருடமாக எனக்குப் பழகிய அறிமுகம் 'பிசிக்ஸ் டீச்சர்' என்பதுதான். ஆனால் பிசிக்ஸ் பின்னால் வந்தது, கதைதான் முந்தியது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைக்காமல் போனதால் வந்தது.

நான் வளர்ந்தது மாட்டுங்கா ரயில்வே குவார்ட்டர்ஸில், பெரியப்பா வீட்டில். பெரியப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. மும்பைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. அன்று எங்களை அரோரா தியேட்டருக்குக் கூட்டிப்போனார். கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் தமிழ்ப் படம் என்றால் அந்த வாசல் எப்படி இருக்கும் என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கியது. பிளாக்கில் வாங்குவது பெரியப்பாவின் கொள்கைக்கும் ஒத்துவராது, சட்டைப்பைக்கும் ஒத்துவராது. அண்ணன் நடுத்தெருவில் நின்று அழுதான். நான் அழவில்லை. மறுத்துப் பேச அவன் இன்று வரவில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

"சரி, வாங்க, இங்கிலீஷ் படத்துக்குப் போவோம்" என்று டவுன் பக்கம் கூட்டிப்போனார். எந்தத் தியேட்டர் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை தகராறு. நான் ரீகல் என்பேன், அண்ணன் இரோஸ் என்பான். ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

படத்தின் பெயர் 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'. 1977-இல் அமெரிக்காவில் வெளியானது, இங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பின்னாளில் இந்த ஊரில் என்கவுண்டர் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்று எங்கள் மூவருக்குமே அர்த்தம் தெரியாது. வசனத்தில் பத்தில் ஒன்று புரிந்திருந்தால் அதிகம். வெளிச்சம் வருகிறது, பொம்மைகள் தானாக ஓடுகின்றன, ஒரு குழந்தை காணாமல் போகிறது. அவ்வளவுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. திடீரென்று திரை முழுக்க நம் ஊர் ஜனங்கள். கூட்டமாக உட்கார்ந்து ஐந்தே ஐந்து ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று வெள்ளைக்கார விஞ்ஞானி கேட்கிறார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி வானத்தைக் காட்டுகிறார்கள். அவ்வளவு கைகள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏசி காரணமில்லை.

வட இந்தியாவில் இருக்கும் தர்மசாலா என்று அண்ணன் திரையில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தான். பெரியப்பா விடவில்லை. "தர்மசாலாவாவது மண்ணாவது! ஏட்டி, இது நம்ம கோபோலிப் பக்கம்லா! அந்த மண்ணப் பாரு. வாரத்துக்கு நாலு தடவ நான் பாக்கேன்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. பின்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். படம் பார்த்த பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு உறுதியானது: அந்தக் காட்சியை எடுத்தது மும்பைக்கு வெளியே, மலையடிவாரத்துக் கோபோலிக்குப் பக்கத்தில், காலாப்பூரை ஒட்டிய ஹால் என்ற சிற்றூரில். கூட்ஸ் வண்டி கார்டின் கண்ணை ஹாலிவுட்டால் ஏமாற்ற முடியவில்லை.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்துக்கு வந்திருக்கிறார்கள்! மாதாந்திர பாஸ் எடுத்தால் தினமும் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து அந்த ஐந்து ஸ்வரங்களை ஓயாமல் முணுமுணுத்தேன். கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மறுபடி பாடு என்றார். ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்தார். ரி, க, ஸ, அப்புறம் கீழ் ஸ்தாயியில் ஸ, அதன் மேல் ப. "என்ன ராகம் மாமி?" என்று கேட்டேன். "த சேர்த்தால் மோகனம், நி சேர்த்தால் ஹம்ஸத்வனி. ரெண்டையும் சேர்க்காம விட்டுட்டான், கெட்டிக்காரன்" என்றார். அந்த மெட்டைப் போட்டவர் ஜான் வில்லியம்ஸ் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவனை வேற்றுக் கிரகத்தான் என்றே நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம்.

பெரியம்மா அசரவில்லை. "இதென்ன பெரிய அதிசயம்? எம்.ஜி.ஆர். படத்துல அன்னிக்கே வந்துட்டான்லா" என்றார். அவர் சொன்னது சரிதான். 1963-இல் காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்திலிருந்து ஆள் வருகிறது, பாட்டுக்காகவே பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் உண்டு, சங்கீதம் கிடையாது. பெரியம்மா இதை ஊரில் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். நமக்கு இது புதுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு லீவு நாளில் பெரியப்பா என்னைக் கோபோலிக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை ராட்சசக் குழாய்கள் இறங்குகின்றன. பார்த்துவிட்டேன், இதுதான் என்று கத்தினேன். டீக்கடைக்காரர் சிரித்தார். அது 1915-லிருந்து ஓடும் டாடா நீர்மின் நிலையம். மேலே லோனாவ்லா பக்கத்து ஏரிகளில் தேங்கும் மழைத்தண்ணீர் குழாய் வழியே ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் விழுந்து டர்பைனைச் சுற்றுகிறது, அந்தக் கரண்ட் பம்பாய்க்கு வருகிறது. "நம்ம வீட்டு லைட்டு எங்கேருந்து வருதுன்னு கேட்டியே, இந்தா" என்று பெரியப்பா கையைத் தூக்கி மலையைக் காட்டினார். நான் கேட்டதாக நினைவில்லை. ஆனால் அந்தக் கை, படத்தில் பார்த்த அதே கை.

விண்கலம் கிடைக்கவில்லை என்று அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு பைத்தியம் பிடித்தது. ஒன்று, எது எங்கிருந்து வருகிறது என்று தோண்டுவது, அதற்குப் பள்ளியில் பிசிக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொன்று, டவுனில் ஃபவுண்டன் பகுதி நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறி, அட்டையில் ராக்கெட் போட்டிருந்தால் வாங்கிவிடுவது. ராக்கெட் அட்டையை நம்பி நிறைய ஏமாந்திருக்கிறேன். லேசர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருக்கும் கதைகள் எனக்கு ஏறுவதில்லை. அது சட்டை மாற்றிய கத்திச் சண்டை, அதற்கு அரோராவே போதும். படித்து முடித்ததும் நம் தெருவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவைக்கிற கதைதான் எனக்கு வேண்டும்.

அந்தப் படம் வந்த 1977-இல்தான் வாயேஜர் 1, வாயேஜர் 2 என்ற இரு விண்கலங்களும் புறப்பட்டன. வேற்றுக் கிரகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று இரண்டிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு உண்டு. அதில் நம் நாட்டிலிருந்து போன பாட்டுக் குரல் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கருடையது, பைரவி ராகம். செப்டம்பர் 5-ஆம் தேதி வாயேஜர் 1 கிளம்பியது. 16-ஆம் தேதி கேசர்பாய் இதே பம்பாயில் காலமானார். உடம்பு இங்கே, குரல் அங்கே. இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே தட்டில் 55 மொழிகளில் வாழ்த்தும் இருக்கிறது. இந்தி, மராத்தி, கன்னடம், தெலுங்கு, சிங்களம்கூட உண்டு. தமிழ் இல்லை. பார்த்தீர்களா, உங்களுக்கே கோபம் வருகிறது. ஒருமுறை வகுப்பில், நீங்களாக இருந்தால் தமிழில் என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். 'யாதும் ஊரே' வரும் என்று எதிர்பார்த்தேன், இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் தாராவிப் பையன் ஒருவன் எழுந்து, "சாப்ட்டீங்களான்னு கேக்கலாம் டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தட்டில் சீனத்து அமோய் மொழிக்காரர்கள் சொல்லியிருப்பது கிட்டத்தட்ட அதுதான். விண்வெளி நண்பர்களே, சௌக்கியமா, சாப்பிட்டாச்சா, நேரமிருந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். வாயேஜர் 1 போயிருக்கும் தூரத்துக்கு இன்று ரேடியோ அலை போய்ச் சேரவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அன்று அதற்கும் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கையும் போர்டில் போட்டுக் காட்டினேன்.

அவன் உட்காரவில்லை. கணக்கைப் பார்த்தான், ஜன்னல் வழியே வெளியே பார்த்தான்.

"சாப்ட்டாச்சுன்னு பதில் வந்துச்சா டீச்சர்?"