தஞ்சாவூர் மேலவீதியில ஒரு நாள் | வ்லாக்

வணக்கம் மக்களே! வண்டிச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கேட்கும், பொறுத்துக்கோங்க. தஞ்சாவூர் மேலவீதியில நின்னு பேசுறேன்.

இந்த ஊருக்கு வர்றவங்க நிறைய பேர் பெரிய கோயிலைப் பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டு, அடுத்த பஸ்ஸுல கும்பகோணம் கிளம்பிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் போயிடாதீங்க. இங்க கலைக்கு வீட்டு விலாசம் இருக்குங்க. நிஜமாத்தான் சொல்றேன். ராஜராஜன் ஊர் ஊரா இருந்த கோயில்கள்லேருந்து 400 ஆடல் பெண்களை வரவழைச்சு, தளிச்சேரின்னு தெரு போட்டுக் குடிவெச்சார். அதைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லுது. தென்சிறகு, வடசிறகு (அதாவது தெருவோட தெற்கு வரிசை, வடக்கு வரிசை), தலைவீடு, இரண்டாம் வீடுன்னு வரிசையா எழுதி, எந்த வீட்டுல யாரு, எந்தக் கோயில்லேருந்து வந்தாங்க, எல்லாம் வெட்டி வெச்சிருக்காங்க. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆடின ஒரு பொண்ணோட பேரை வீட்டோட சேர்த்து இன்னைக்கும் படிக்க முடியுதுன்னா, நினைச்சாலே சிலிர்க்குது.

சரி, மேலவீதிக்கு வருவோம். இதோ, பங்காரு காமாட்சி அம்மன் கோயில். 'பங்காரு'ன்னா தெலுங்குல தங்கம். அம்பாள் தங்க விக்கிரகம்தான், ஆனா புனுகுங்கிற வாசனைப் பொருளைச் சாத்திச் சாத்தி முகம் கரிய நிறமா தெரியும். உள்ள கேமரா எடுக்கல. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான சியாமா சாஸ்திரி பூஜை பண்ண சந்நிதி இது. அவர் பைரவி ராகத்துல பண்ண ஸ்வரஜதிங்கிற பாட்டைக் கேட்டுப் பழகினவங்க ஒரு தடவை இங்க வந்து உட்காருங்க. அவர் யாரைக் கூப்பிட்டுப் பாடினார்னு நேருக்கு நேர் தெரியும்.

இதே வீதியிலதான் பரதநாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் வீடும் இருக்கு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, நாலு பேரும் அண்ணன் தம்பிங்க. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி அரசவையில இருந்தவங்க. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு இன்னைக்கு எந்த ஊர் மேடையில பரதம் ஆடினாலும் அந்த வரிசை இவங்க கட்டினதுதான். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். அரங்கேற்றம் பண்ற ஒவ்வொரு பிள்ளையையும் இங்க ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு பெத்தவங்களைக் கேட்டுக்கிறேன்.

இங்கேருந்து அரண்மனை நடந்து போற தூரம்தான். அங்க இருக்கிற சரஸ்வதி மஹால் நூலகத்துக்கு நீங்க தனியா அரைநாள் ஒதுக்கணும், அதனால அதை இன்னொரு வீடியோவுல பார்க்கலாம். இன்னைக்கு அரண்மனையில சிலைகள் வெச்சிருக்கிற கலைக்கூடம் மட்டும். அதுலயும் ஒரே ஒரு சிலை.

திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளை மேல சாய்ஞ்சு நிக்கிற சிவன். கி.பி. 1011-ல வார்த்தது, அதாவது பெரிய கோயில் விமானத்துல கலசம் ஏறின அடுத்த வருஷம். ஜடையை அப்படியே தலைப்பாகை மாதிரி சுத்திக் கட்டியிருக்கு, கிட்டப் போய்ப் பார்த்தா நடுவுல பாம்பு நெளியுது. காலை மாத்திப் போட்டு, சாவகாசமா சாய்ஞ்சு நிக்கிறார். சாய்ஞ்சிருக்கிற அந்தக் காளை இப்ப இல்ல, தொலைஞ்சு போச்சு. ஆனா அந்தக் கை படிஞ்சு நிக்கிற விதத்தைப் பாருங்க. காளையோட உயரமே நமக்குத் தெரிஞ்சிடுது. நான் முக்கால் மணி நேரம் இங்கயே நின்னுட்டேன். பக்கத்துல அம்மன், அதுக்கு அடுத்த வருஷம் செஞ்சது.

இப்ப மணி நாலரை. கடைசியா ஒரு வீணைப் பட்டறைக்கு வந்திருக்கேன். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஒரே பலா மரத்துல குடம் (உருண்டையான அடிப்பகுதி), தண்டி (நீளமான கழுத்து) எல்லாம் குடைஞ்சு எடுத்தா அது ஏகாண்ட வீணை. இந்தப் பெரியவர் இப்ப மேளம் கட்டுறார், அதாவது ஸ்வரத்துக்கான மெட்டுக் கம்பிகளைப் பதிக்கிறார். தேன்மெழுகுல கரித்தூள் கலந்து தண்டி மேல கறுப்பா ஒரு மெத்தை, அது மேல 24 மெட்டு. ஒவ்வொரு மெட்டையும் வெச்சு, தந்தியை மீட்டி, காதைச் சாய்ச்சுக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, திரும்ப மீட்டுறார். அளவுகோல் எதையும் அவர் தொடவே இல்ல. நான் ஏதோ கேட்கப் போனேன். "கொஞ்சம் பேசாம இருங்க தம்பி, சுருதி கலையுது"ன்னார்.

அதனால நான் இதோட நிறுத்திக்கிறேன். மைக்கைக் குடத்துப் பக்கத்துல வெச்சிருக்கேன். பதினோராவது மெட்டு வெக்கிறார், கேளுங்க.