வெள்ளம் வடிந்த மறுநாள் மம்மட்டி எங்கே?

(கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டாரத் தொண்டர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, ஒரே வரிசையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, கோவில் ஊர்வகைப் பெரியவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, நாட்டு நலப்பணித் திட்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் சொல்லி அழைக்க வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். மழை இருட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து விஷயங்கள் பேச வந்தேன். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைவது, செளி (சேறு) அள்ளுவது, கிணற்றைத் தேற்றுவது, நனைந்த பிரமாணங்களையும் (சொத்துப் பத்திரங்களையும்) ரேஷன் அட்டையையும் காப்பது, வீட்டுக்காரரின் மனத்தைத் தேற்றுவது. ஐந்துக்கும் அடியில் ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டு அம்மச்சிமார் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தாகம் எடுத்த பிறகா கிணறு வெட்டுவது?

நமக்கு மழை இரண்டு முறை வருகிறது. வைகாசியில் தொடங்குவது ஒன்று, ஐப்பசியில் இடியோடு வருவது ஒன்று. மலையில் ஓர் இரவு கொட்டினால் பேச்சிப்பாறை அணையின் 48 அடியும் பெருஞ்சாணி அணையின் 77 அடியும் தாங்காது. மறுகால் திறந்தாக வேண்டும். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை தாண்டி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தேடும். கடல் கொந்தளித்தால் ஆறு திரும்பி நம் விளைகளில், அதாவது தோட்டங்களில், ஏறும். 2021 நவம்பரில் தண்டவாளத்தின் மேல் மண் சரிந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பது வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924, மூணாறின் மலை ரயிலையே அடித்துக்கொண்டு போனது. நம்மவர்கள் தேயிலை கிள்ளிய மண் அது. ஆகவே வெள்ளம் நமக்குப் புதிது இல்லை. அடுத்த நாள் காலையில் மம்மட்டி தேடி ஓடுவதும் புதிது இல்லை. இந்த இரண்டாவதைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் நுழைவது. வாசலில் நின்று மூக்கை வேலை வாங்குங்கள். சமையல் வாயு வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லையென்றால் மெயினை அணைக்க வேண்டும். காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கையால் அணைக்க முடியுமென்றால் மட்டும் நீங்கள் அணைக்கலாம். மீட்டர் பெட்டியே மூழ்கியிருந்தால் மின்வாரிய ஊழியர் வரும்வரை உள்ளே கால் வைக்காதீர்கள். மெயின் அணைந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருந்து வயரிங்குக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கூரையில் சூரியத் தகடு உள்ள வீட்டிலும் அப்படியே. இரண்டையும் தனியாகத் துண்டிக்க வேண்டும். நனைந்த பிரிட்ஜையும் கிணற்று மோட்டாரையும் ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று போட்டால் சுருள் எரிந்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெக்கானிக் சோதித்த பிறகே இணைப்பு.

தண்ணீர் ஏறிய அடையாளம் சுவரில் கோடாக இருக்கும். அதைச் சாக்கட்டியால் கோடிட்டு, வீட்டுக்காரரையும் சேர்த்துப் படம் எடுத்த பிறகே கழுவத் தொடங்குங்கள். நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலர் கேட்கும்போது, கழுவித் துடைத்த சுவர் எதையும் சொல்லாது.

அடுத்து செளி. ஒரு கணக்குச் சொல்கிறேன். 12-க்கு 10 அடி அறை, அரையடி செளி. 60 கன அடி. ஈரத்தோடு நிறுத்தால் மூன்று டன்னுக்கு நெருக்கம். ஓர் இரும்புச் சட்டியில் 15 கிலோ என்றால் 180 சட்டிக்கு மேல். ஒரே அறைக்கு! நான்கு பேர் வீரத்தோடு இறங்கினால் இரண்டாம் அறையில் முதுகு போய்விடும். எட்டுப் பேர் வரிசையாக நின்று கைமாற்றுங்கள். வெட்டுகிறவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும், மூன்று நாள் வெயில் பட்டால் பாறை மாதிரி இறுகிவிடும். முதலில் மம்மட்டி, பிறகு தள்ளுகட்டை, கடைசியில்தான் தண்ணீர். முதலிலேயே குழாயைத் திறந்துவிட்டால் செளி முழுவதும் ஓடைக்குப் போய் அடைத்து, அடுத்த மழையில் அதே வீட்டுக்குத் திரும்பி வரும்.

மண்சுவர், செங்கல் சுவர் வீடுகளில் இன்னொரு கவனம். சுவருக்கு இரு பக்கமும் செளி நின்றால் இரு பக்கமும் சமமாகக் குறைத்து வாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஒழித்தால் மறுபக்கத்துப் பாரம் ஊறிய சுவரைத் தள்ளிவிடும். உப்பிய கதவை உடைக்க வேண்டியதில்லை, கீல் ஆணியை உருவினால் போதும். எதையும் வெளியே எறியுமுன் “அம்மச்சி, இதைக் கொண்டு போகட்டுமா?” என்று கேளுங்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவருக்கு மகளின் கல்யாணப் படமாக இருக்கும்.

தரைக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர், அரைமணி நேரம் ஊற விட்டுக் கழுவுங்கள். கழிப்பறை ஆசிடை அதோடு கலக்கவே கூடாது. கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைச் சுடும். எலிக்காய்ச்சலுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் முதல் மருந்து, ஏனென்றால் அந்தக் கிருமி கால் வெடிப்பு வழியாகவும் நுழைகிறது. சுத்தப்படுத்தும் பணியில் இருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், சாப்பாட்டுக்குப் பிறகு, என்பது அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-இல் பரவலாகக் கடைப்பிடித்த முறை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது. மருத்துவர் அவர்கள் மேடையிலேயே இருக்கிறார், அவரிடம் கேட்டே வாங்குங்கள். பணி முடிந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இனி கிணறு. தண்ணீர் கலங்கியிருக்கிறதென்று பம்பு வைத்து ஒரே மூச்சில் இறைத்துவிடுகிறார்கள். சுற்றிலும் மண் ஊறிக் கனத்து நிற்கும் நேரம் அது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் உறையைத் தாங்கி நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் உறை உள்ளே சரியும். ஆகவே காத்திருங்கள், மண் அடியில் படிந்து நீர் தெளியட்டும். கலங்கிய நீரில் குளோரின் போடுவதும் வீண். அழுக்கே அதைத் தின்றுவிடும்.

தெளிந்த பிறகு, கயிற்றில் கல் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை அளக்கவும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, அடிக் கணக்கானால் 22-ஆல், மீட்டர் கணக்கானால் 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி விட்டம், 12 அடி நீர்: சுமார் 9,500 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர். ஆக 48 கிராம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கையால் அள்ளிக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியை நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இலேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முறை. அதன் பிறகும் குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். நீரின் மேல் டீசல் படலம் மினுங்கினால் குளோரின் அதற்கு மருந்தல்ல, அந்தக் கிணற்றைக் குடிநீருக்குத் தொடாதீர்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும்.

எல்லாம் சொல்லியாயிற்று, ஆனால் சட்டி எங்கே? பூட்ஸ் எங்கே? பிளீச்சிங் பவுடர் எங்கே? அன்று காலையில் கடைகளும் மூழ்கித்தானே கிடக்கும்! தாகம் எடுத்த பிறகா கிணறு வெட்டுவது?

இங்கே குட்டநாட்டைச் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் ஓரத்தில், கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் நாடு அது. வரப்புக்கு வெளியே காயல் உயரம், உள்ளே வயலும் வீடும் பள்ளம். அங்கே தண்ணீர் தானாக வடியாது. இறைத்துத்தான் தீர வேண்டும். அதற்கென்று ஒரு பழைய இயந்திரம் வைத்திருக்கிறார்கள், பெட்டியும் பறையும் என்று பெயர். பறை என்பது நிமிர்ந்து நிற்கும் உருளை. அதற்குள் விசிறி சுழன்று நீரை உயர்த்தும். பெட்டி என்பது அந்த நீரை வரப்புக்கு அப்பால் தள்ளும் மரப்பாதை. அதை ஓட்டுவது மோட்டார். 2018 ஆகஸ்டில் வரப்புகள் உடைந்தன. ஆலப்புழை–சங்ஙனாச்சேரி சாலையே தண்ணீருக்குள் போனது. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். மாத இறுதியில் கேரளம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான தொண்டர்கள் படகேறி வந்தார்கள். வெறும் வாரியலோடு (துடைப்பத்தோடு) வரவில்லை, எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், பாம்பு பிடிப்பவர் என்று குழு கட்டி வந்தார்கள். எத்தனை நேர்த்தி பாருங்கள்! ஆனால் கைனகரி போன்ற இடங்களில் வீட்டுக்குள் இன்னும் இடுப்பளவு நீர். கழுவ வந்தவர்கள் எதைக் கழுவுவது? தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டார்களே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன. அவற்றைக் கழற்றி, கரைக்குக் கொண்டுவந்து, பழுது பார்த்து, திரும்பப் பூட்டி, உடைந்த வரப்பைக் கட்டி, பிறகுதான் இறைப்பு. வாரக்கணக்கில் போயிற்று. ஆள் இருந்தது, மனம் இருந்தது. கருவி வெள்ளத்துக்குக் கீழே இருந்தது. சகோதரர்களே, இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்கள்: கருவி வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது வார்டுக்கு ஒரு கருவியறை. ஊராட்சித் தலைவர் அவர்கள் புன்னகைக்கிறார், அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். பள்ளி மாடி, கோவில் மண்டபம், ஆலய அரங்கு, மதரசா, எதுவானாலும் சரி. இதுவரை கண்ட உச்ச நீர்க்கோட்டுக்கு நான்கு அடி மேலே அலமாரி இருக்க வேண்டும். 25 வீட்டுக்கு: மம்மட்டி 10, இரும்புச் சட்டி 30, தள்ளுகட்டை 6, கம்பி வாரியல் 6, வாளி 15, ஆறு முதல் பத்து வரை அளவுகளில் பூட்ஸ் 20 ஜோடி, பெண்களுக்குப் பொருந்தும் சிறிய அளவிலும் 10, கையுறை 30 ஜோடி, தலைவிளக்கு 4, நைலான் கயிறு 100 அடி, மூன்று அங்குலச் சேற்றுப் பம்பு ஒன்று. பம்பில் பெட்ரோலை வைத்துப் பூட்டினால் கார்புரேட்டர் பிசின் கட்டி, தேவைப்படும் நாளில் இழுத்து இழுத்துக் கை ஓயும். வடித்து வையுங்கள், மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். உறிஞ்சு குழாய் முனையில் கூடை வலை இருக்கட்டும், தேங்காய்த் தொண்டு நார் ஒன்று போதும் பம்பை நிறுத்த. பிளீச்சிங் பவுடர் பெரிய மூட்டையாக வேண்டாம். திறந்த மூட்டை ஈரம் குடித்துச் சத்திழந்துவிடும். ஒரு கிலோ பொட்டலமாக 25. வைகாசிக்கு முன் புதிதாக வாங்கி, பழையதை ஊர்த் தொட்டிகளுக்குச் செலவிடுங்கள்.

ஊர்வகைப் பெரியவர்கள் இரண்டு பம்புகளை வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் நன்றி. பூட்ஸை மகளிர் குழுவும் பங்கும் பகிர்ந்துகொள்ளலாம்.

நான்காவதைப் பற்றி இரண்டு வரி: நனைந்த பிரமாணத்தை வெயிலில் விரிக்காதீர்கள், தாள்களைப் பிடித்துப் பிரிக்காதீர்கள். செய்தித்தாளை இடையிடையே வைத்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். ஐந்தாவதுக்கு நேரம் இல்லை. தலைவர் மணி பார்க்கிறார்.

கருவியறைச் சாவி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று அறைக்கு அருகே மேட்டு வீட்டில், மற்றொன்று ஆற்றுக்கு அக்கரையில். பாலத்தில் தண்ணீர் ஏறினாலும் இரு கரையில் ஒரு கரையாவது திறக்கட்டும். வாசல் மேசையில் பெயர்ப் பதிவேடு வைத்திருக்கிறோம். பெயரோடு பூட்ஸ் அளவையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.