15 மில்லி 1,450 ரூபாய்: கோபைபா எண்ணெய் வாங்கிய கதை

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, புலம்பல்தான். அத்தையின் முட்டி வலிக்கு ஒரு எண்ணெய் ஆர்டர் போட்டிருக்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, வந்துவிட்டது. இதோ, என் சுண்டுவிரல் உயரம். 15 மில்லி, 1,450 ரூபாய்! அந்தக் காசுக்கு மூன்று லிட்டர் செக்கு நல்லெண்ணெய் வாங்கியிருப்பேன். என் நல்லெண்ணெய்ப் பைத்தியம்தான் உங்களுக்குத் தெரியுமே. மூடி வேறு திறக்கவே இல்லை. குழந்தைகள் திறக்காமல் இருக்க அழுத்தித் திருகும் மூடியாம். பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபைபா அமேசான் காட்டு மரம். அடிமரத்தில் துளை போட்டு, வடிகிற பிசினெண்ணெயைப் பிடித்துக்கொண்டு துளையை அடைத்துவிடுவார்கள். பிரேசிலில் பெலெம் நகரத்து வெர்-ஓ-பேசோ சந்தையில் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள். அங்கே புண்ணுக்குத் தடவுவார்கள், தொண்டை வலிக்கும் எடுத்துக்கொள்வார்கள். நம் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிற காரியோஃபிலீன் என்ற வேதிப்பொருள் இதில் நிறைய உண்டு. எலிகளுக்கு வீக்கம் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். அதற்குள் "மூட்டுவலிக்கு முற்றுப்புள்ளி" என்று விளம்பரம் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாமா அக்கா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். வேண்டாம்டா. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெட்டை என்ற பால்வினை நோய்க்கு இதைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதில் சிலருக்கு வாந்தி, பேதி, உடம்பெல்லாம் தடிப்பு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அத்தைக்குத் தடவும் முன் என் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெயில் கலக்காமல் அப்படியே வைத்தது என் அவசரப் புத்தி. சாயங்காலத்துக்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து ஒரே அரிப்பு. கலந்து வைத்திருந்தால் எப்படியோ, இனி இந்த வீட்டில் யாருக்கும் இது கிடையாது. அத்தை வழக்கம்போல உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, "நான் கேட்டேனா?" என்கிறார்.

அப்புறம் லேபிள். கோபைஃபெரா என்ற தாவரப் பெயரைக் காணோம். அந்தமான் பக்கம் வளரும் குர்ஜன் மரத்து எண்ணெயை இதில் கலப்பது பழைய தில்லுமுல்லு. அதனால் இதில் என்ன இருக்கிறது என்றே எனக்குச் சந்தேகம்.

திருப்பி அனுப்பலாம் என்று கேட்டேன். திறந்த பாட்டிலை எடுக்க மாட்டார்களாம். பத்து நிமிடம் மல்லுக்கட்டித் திறந்தேனே மக்களே!