கொழும்புக்குப் போன ரோஜா ஏன் தலை சாய்கிறது?

சரி, அடுத்த கேள்வி. நம் நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இரண்டு கூடாரங்களில் ரோஜாவும் கார்னேஷனும் போட்டிருக்கிறோம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கொழும்புக்கு அனுப்பினால் இரண்டாம் நாளே ரோஜா தலை சாய்கிறது, கார்னேஷன் சுருங்குகிறது என்று கடைக்காரர் காசைக் குறைக்கிறார். செடிக்கு இன்னும் தண்ணீர் விட வேண்டுமா?"

தங்கச்சி, செடிக்குத் தண்ணீர் போதாமல் இருந்தால் பூ உங்கள் கூடாரத்திலேயே வாடியிருக்கும். அங்கே விறைப்பாக நின்ற பூ கொழும்பில் சாய்கிறது என்றால், வெட்டிய பிறகு என்ன நடந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்முடைய வெயில் காலம் ஆளை ஏமாற்றும். விடியற்காலையில் உருளைக்கிழங்கு இலையில் உறைபனி கிடக்கும். நடுப்பகலில் அதே தோட்டத்துப் பொலித்தீன் கூடாரத்துக்குள் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நுவரெலியா குளிர்தானே என்று பதினொரு மணிக்கு வெட்டினால், அந்தச் சூடு முழுவதையும் பூ தனக்குள் எடுத்துக்கொண்டு வருகிறது. வெட்டிய பூவும் மூச்சு விடுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். சேர்த்து வைத்த சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும். சூட்டோடு பெட்டியில் நெருக்கி அடுக்கினால், விடுகிற மூச்சே பெட்டியை இன்னும் சூடாக்கும். பிறகு லொறி கினிகத்தேனை தாண்டி கித்துல்கல பக்கம் இறங்கினால் வெளியிலும் புழுக்கம். பூ என்ன செய்யும், பாவம்.

இதற்குக் குளிரூட்டி அறை வேண்டும் என்று பயப்படாதீர்கள். நம் இரவே குளிரூட்டிதான். லொறி விடியற்காலையில் புறப்படுகிறதென்றால், முதல் நாள் வெயில் தாழ்ந்த பிறகு வெட்டுங்கள். பகல் முழுவதும் இலை சமைத்த சர்க்கரையும் அப்போது பூவில் நிறைய இருக்கும். வெட்டிய கையோடு தண்ணீர் வாளியில் வைத்து, ஜன்னல் திறந்த இருட்டு அறையில் இரவெல்லாம் நிற்க விடுங்கள். குளிர்ந்த பிறகே பெட்டி. லொறி சாயங்காலம் போகிறதென்றால் காலை ஆறு மணிக்கு வெட்டி, வீட்டில் எந்த அறை அதிகக் குளிரோ அங்கே பகல் முழுவதும் தண்ணீரில் வையுங்கள்.

ரோஜா கழுத்து ஒடிந்தது போலத் தொங்குவதற்கு இன்னொரு காரணம் வாளி. அழுக்குத் தண்ணீரில் பெருகும் பக்டீரியா தண்டின் குழாயை அடைத்துவிடும். வெட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போட்டால் காற்றுக் குமிழும் உள்ளே புகுந்து அடைக்கும். பூ தண்ணீருக்குள் நின்றாலும் தாகத்தில் சாகும். நானும் ஆரம்பத்தில் மருந்து கலந்த வாளியைச் சும்மா அலசிவிட்டுப் பூ வைத்தேன். சித்திரைப் புத்தாண்டு நேரத்தில், நல்ல விலை கிடைக்கும் வாரத்தில், பாதிக் கட்டுகள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து பூவுக்குத் தனி வாளி. ஒவ்வொரு முறையும் ப்ளீச் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிக் கழுவுவேன்.

கார்னேஷன் கதை வேறு. அதன் இதழ்கள் உள்நோக்கி மடிந்து, தூங்குவது போலச் சுருங்கினால் எதிலீன் வாயுவைச் சந்தேகப்படுங்கள். பழம் பழுக்கும்போது வெளிவிடும் வாயு அது. கார்னேஷன் அதைக் கொஞ்சமும் தாங்காது, சூட்டில் இன்னும் மோசம். உங்கள் பூ மரக்கறி லொறியில்தான் போகிறது என்று நினைக்கிறேன். லீக்ஸ், கரட் பக்கத்தில் இருந்தால் பெரிய பயமில்லை. பழுத்த தக்காளியோ வாழைப்பழமோ பக்கத்தில் வைக்க விடாதீர்கள். லொறிப் புகையிலும் எதிலீன் உண்டு, அதனால் எஞ்சினை ஓடவிட்டு ஏற்றவும் வேண்டாம்.

அப்புறம், அந்தூரியம் வைத்திருப்பவர்கள் இந்தக் குளிர் வைத்தியத்தைச் செய்யாதீர்கள். அது வெப்பப் பூ, குளிர் பட்டால் கறுத்துப்போகும். ஜெர்பராவுக்கு வாளியில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும், தண்டு அழுகும்.

தங்கச்சி, இந்த வாரம் இரண்டு கட்டுகளை மட்டும் இப்படிச் செய்து, சிவப்பு நூல் கட்டி அனுப்புங்கள். நூல் கட்டியது எத்தனை நாள் நின்றது, கட்டாதது எத்தனை நாள் நின்றது என்று கடைக்காரரிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.