அருவியும் கடைசல் பட்டறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி கடைசியில் நம் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "பரீட்சை முடியப் போகுது, பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்." குற்றாலத்தை நினைத்தால் அந்த நேரத்தில் அங்கே பெரும்பாலும் வெறும் பாறைதான். சாரல் விழ ஆனி பிறக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் தங்கும் செலவே மலைக்க வைக்கும். விடியற்காலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும்படி ஒரு பயணத்தை இன்று சொல்ல வந்திருக்கிறேன். பாபநாசத்தில் அகத்தியர் அருவி, திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு செய்யும் கடைசல் பட்டறை. அருவிக்கு நம்மில் பலரும் போயிருப்போம். பட்டறைக்குப் போனவர்கள் கொஞ்சம்தான். அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அடுத்து அம்பை, அதாவது அம்பாசமுத்திரம். பஸ்ஸில் போகிறவர்கள் பாபநாசத்துக்கே நேராகப் போய் இறங்கலாம். எனக்கு ரயில்தான் பிடிக்கும். பிசானப் பருவ நெல் அறுத்து முடிந்த வயல்களில் தாள் மட்டும் நிற்கும், அதற்குள் வாத்துக் கூட்டம் மேயும். புங்கமரங்கள் எல்லாம் புதுத் தளிர் விட்டுப் பளபளவென்று நிற்கும். வேம்பு பூத்திருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த வாசனை அவ்வப்போது முகத்தில் வந்து மோதும். மேற்கே பொதிகை மலை நீலமாகக் கிட்டே வந்துகொண்டே இருக்கும். இளவேனில் என்று பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் சொல்கிறது. தாமிரபரணிக் கரையில் அது பங்குனியிலேயே வந்துவிடுகிறது.

அம்பையிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். கோயிலைத் தாண்டி மேலே போனால் வனத்துறைச் சோதனைச்சாவடி. பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. சிலர் அங்கே நின்று வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், நேயர்களே. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அருவியில் நாம் தலையை நனைக்கிற தண்ணீர்தான் கீழே திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகப் போகிறது. அதில் ஷாம்பு நுரை எதற்கு?

கோடையிலும் இங்கே தண்ணீர் விழுவதற்குக் காரணம் மலைதான். பொதிகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சோலைக்காடு அந்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதற்குக் கீழே காரையாறு அணை, நம் பேப்பரில் தினமும் பாபநாசம் அணை என்று நீர்மட்டம் போடுகிறார்களே, முழு உயரம் 143 அடி, அதே அணை. அங்கே தேங்கும் தண்ணீர் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் இறங்கி வருகிறது. அதனால் குற்றாலம் காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் அகத்தியர் அருவி விழுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் மழைக்கால அருவிக்கும் இளவேனில் அருவிக்கும் வித்தியாசம் அதிகம். ஐப்பசியில் அது அடித்துக்கொண்டு விழும், பக்கத்தில் போகவே விட மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் மெலிந்து, பாறையின் மடிப்பெல்லாம் தெரியும்படி இறங்கும். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் பயமில்லாமல் நிற்கலாம். முதல் நொடி மூச்சு முட்டும். அப்புறம் தோளில் தண்ணீர் தட்டுகிற கனம் பழகிவிடும், காது அடைத்துவிடும், பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. நாங்கள் போனபோது என் தங்கையின் பிள்ளைகளை வெளியே வரச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பாறையில் பச்சையாகப் பாசி படிந்த இடங்களில் மட்டும் கால் வைக்க வேண்டாம். படியேறி மேலே போனால் கல்யாண தீர்த்தம். அது ஆழமான சுனை. பார்த்துவிட்டு வந்தால் போதும், இறங்கக் கூடாது. சிவபெருமான் அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுத்த இடம் இந்தப் பாபநாசம் என்பது ஐதீகம். சித்திரை முதல் நாள், விசு அன்று, கோயிலில் அந்தக் காட்சி விழாவாக நடக்கும். அன்றைக்குப் போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

குளித்துவிட்டுக் கீழே வந்து பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிடுங்கள். உலகம்மை சந்நிதி முன்னால் ஓர் உரல் இருக்கிறது. பெண்கள் அதில் விரலிமஞ்சளைப் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். அந்த மஞ்சள்தான் அம்மனுக்கு அபிஷேகத்துக்குப் போகும். பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உரல் என்றால் என்ன, உலக்கை எப்படி விழும், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு எத்தனை வீடுகளில் வாய்ப்பு இருக்கிறது?

படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடலாம். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே அவிழ்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சேலையும் வேட்டியும் பாறையிலும் மருதமர வேரிலும் சிக்கி அழுகுகின்றன. தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக வாரி எடுக்கிறார்கள், மறுபடி சேர்கிறது. கும்பிடுகிற ஆற்றில் துணியை விடாதீர்கள். உங்களோடு வந்தவர் விடப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்பைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுச் சொப்புக் கடைகளை விசாரித்தால் யாரும் கைகாட்டுவார்கள். கடையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், "கடைசல் எங்கே நடக்குது, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நாங்கள் போன பட்டறை ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரம். வாசலில் அறுத்த கட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே தரையெல்லாம் மரச்சீவல், கணுக்கால் வரை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஓர் ஆள் கயிற்றை இழுத்து இழுத்துவிட, இன்னோர் ஆள் உளி பிடிப்பாராம்.

"வாங்க டீச்சர். பிள்ளைகளை மட்டும் இந்தப் பக்கமா நிக்கச் சொல்லுங்க, சீவல் கண்ணுல தெறிக்கும்" என்றார் அங்கே கடைந்துகொண்டிருந்த பெரியவர்.

ஒரு சாண் கட்டையைக் கடைசல் முனையில் மாட்டினார். அது சுழன்றதும் உளியை வைத்தார். பட்டை உரிந்து, கரடு போய், நிமிடத்துக்குள் வழவழவென்று உருளையாகிவிட்டது. உளியைச் சற்றுச் சாய்த்தார், நடுவில் இடுப்பு ஒடுங்கியது. முனையில் குடைந்தார், குழி விழுந்தது. உரல்! அதன் பிறகு நடந்ததுதான் பிள்ளைகளை வாயடைக்க வைத்தது. சிவப்பு அரக்குக் குச்சி ஒன்றை எடுத்து, சுழலும் மரத்தின்மேல் அப்படியே அழுத்தினார். தூரிகை இல்லை, வாளி இல்லை, அடுப்பும் இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொண்டது. அப்புறம் ஒரு தாழை மடலை மடித்துப் பிடித்துத் தேய்த்தார். திட்டுத் திட்டாக இருந்த சிவப்பு பரவி, ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. நடுவில் ஒரு மஞ்சள் வளையம், உளி நுனியால் ஒரு மெல்லிய கோடு. கடைசியில் அடியில் ஒரு வெட்டு, உரல் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"தொட்டுப் பாரு, சூடா இருக்கும்" என்று சின்னவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "பெரியம்மா, காலையில கோயில்ல பார்த்தோம்லா, அதுதானே இது?" என்றாள்.

அதே உரல்தான். அம்மி, ஆட்டுக்கல், திருகை, அடுப்பு, தவலை, குடம், இட்லிப் பானை, சட்டி, அகப்பை என்று ஒரு முழு அடுக்களையே பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி தனியாகச் சுற்றும். திருகையின் மேல்கல் திரும்பும். விளையாட்டுச் சாமான்தானே என்று யாரும் ஏனோதானோ என்று செய்யவில்லை. நம் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவமே ஒதுக்கிப் பாடியிருக்கிறார்கள். குழந்தையின் விளையாட்டை அத்தனை மதித்த பழக்கம் இந்தக் கைகளில் இன்னும் இருக்கிறது.

பெரியவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தக் காலத்தில் மஞ்சள்கடம்பில் செய்தார்களாம். இழை நெருக்கமான, உளிக்கு இசைகிற மரம், வெடிக்காது, அரக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மேற்கே அந்த மலையில் வளர்கிற மரம்தான் அது. இப்போது காட்டில் கை வைக்க முடியாது. தேக்குத் துண்டு, ரப்பர் மரம், யூகலிப்டஸ் என்று கிடைத்ததை விலை கொடுத்து வாங்கிக் கடைகிறார்கள். "மரம் மாறுனா கையும் மாறணும் டீச்சர். ஆனா காட்டை விட்டுவைக்கிறதும் நல்லதுதான். ஆத்துல தண்ணி வருதுல்லா?" என்றார்.

இதைத்தான் முதலில் காரணம் என்று சொன்னேன். காலையில் நாம் ஆசை தீர நனைந்த அருவியும் இந்தப் பட்டறையும் ஒரே மலையின் பிள்ளைகள். அந்த மலை மூடப்பட்டதால் காடு நின்றது, காடு நின்றதால் கோடையிலும் தண்ணீர் விழுகிறது. அது நடக்க வேண்டிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பலன் நம் எல்லாருக்கும் வந்தது, அதற்கான செலவில் ஒரு பங்கு இந்தக் கடைசல்காரர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் காட்டின்மேல் குறை சொல்லவில்லை. அருவிக்கு வருகிற கூட்டத்தில் பத்துப் பேர் அம்பையில் இறங்கி ஒரு பெட்டிச் சொப்பு வாங்கினால் அந்தக் கணக்கு கொஞ்சமாவது நேராகும் என்று நான் நினைக்கிறேன். நவராத்திரிக்கு முன்னால் கொலுவுக்காகக் கேட்டு வருவார்களாம். பங்குனி, சித்திரையில் கை ஓய்ந்துதான் இருக்குமாம். நாம் அருவிக்குப் போவதும் அதே மாதங்களில்தானே.

வாங்கும்போது பேரம் பேச வேண்டாம். பிளாஸ்டிக் சொப்பு விலையோடு ஒப்பிடவும் வேண்டாம். ஒரு உரலுக்கு எத்தனை கை அசைவு என்று பக்கத்தில் நின்று பார்த்த பிறகு உங்களுக்கே பேரம் பேச வாய் வராது. சாயம் எதில் செய்தது என்று கேளுங்கள், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு என்றால் அதைச் சொல்லியே வாங்குங்கள். நடை பழகும் குழந்தை வீட்டில் இருந்தால் நடைவண்டி பாருங்கள், அதுவும் இங்கே செய்கிறார்கள். பட்டறையில் நேரில் சொன்னால் வேண்டிய சாமானை மட்டும் தனியாகக் கடைந்தும் தருவார்கள். எங்கள் பெரியவன் திருகை மட்டும் பெரிதாக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் அரிசியைப் போட்டு அரைத்துப் பார்க்கப் போகிறானாம்.

அரக்குப் பூச்சுக்கு வெயில் ஆகாது. காரில் போகிறவர்கள் பெட்டியைக் கண்ணாடி ஓரம் வெயில் படும்படி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதீர்கள், பூச்சு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவவும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும், வருஷக்கணக்கில் நிறம் நிற்கும்.

வணக்கம்.