300 மீட்டர் ஆழமும் ஒரு ரப்பர் வளையமும்

(கடிகாரப் பழுதுபார்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கப் பெரியவர்களே, கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் வாட்ச் மெக்கானிக் தோழர்களே, வணக்கம். மணி பார்த்துப் பேசச் சொன்னார் தலைவர். இந்த அவையில் அதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காலையே விடாதவர்கள் லட்சக்கணக்கில் கொட்டி முக்குளிப்பு வாட்ச் வாங்குகிறார்களே, ஏன்? கதை, கட்டுமானம், கௌரவம் என்று மூன்று காரணம்.

முதலில் கதை. 1927 அக்டோபர் 7. லண்டனில் தட்டச்சு வேலை பார்த்த மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். நாலே நாளில் இன்னொரு பெண், நான் அதைவிட வேகமாகக் கடந்தேன் என்றார். பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். பழி யார் தலையில்? நிஜமாக நீந்தியவர் தலையில்! சரி, இன்னொரு முறை பாருங்கள் என்று அக்டோபர் 21 அன்று இறங்கினார். கழுத்தில் நீர் புகாத ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் கடிகாரம். உடம்பு விறைக்கும் குளிர். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியவரைக் கரை எட்டுமுன் படகில் தூக்கிவிட்டார்கள். கடக்கவில்லை ஐயா! ஆனால் கழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24 டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ரோலெக்ஸ் விளம்பரம். ஆள் தோற்ற இடத்தில் கடிகாரம் ஜெயித்தது. அந்தக் கதைக்குத்தான் இன்றும் விலை.

அடுத்து, கட்டுமானம். இன்றைய முக்குளிப்பு வாட்ச்சில் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றி நிமிடக் குறிகளோடு இருக்கும் விளிம்பு, இடப்பக்கம் மட்டுமே சுழலும். முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்து இறங்க வேண்டும். பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். இப்போது அந்த வேலையை டைவ் கம்ப்யூட்டர் பார்க்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டர்தான் எல்லை. ரோலெக்ஸின் சப்மரைனர் வாட்ச் தாங்குவது 300. மிச்சம் 260 மீட்டர் மனசுக்கு! அதுதான் மூன்றாவது காரணம், கௌரவம்.

ஆனால் ஒன்று. அந்த 300 நிற்பது ரப்பர் வளையத்தில். வியர்வை, சோப்பு, வெந்நீர் பட்டுப்பட்டு வளையம் இறுகிவிடும். பின்மூடியைத் திறந்தால் புதிய வளையம், மேலே துளி சிலிக்கோன் கிரீஸ். ஒரு முடி சிக்கினாலும் நீர் நுழையும். சாவிக் குமிழைத் திருகுமுன், மெல்ல அழுத்தி எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். மரை உட்காரும் 'டக்' கேட்டதும் முடுக்குங்கள். சொரசொரத்தால் நிறுத்துங்கள், மரை மாறி ஏறுகிறது. வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கிக் கண்ணாடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்ளே மூட்டம் தெரிந்தால் ஈரம் புகுந்துவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே; வளையம் பார்க்காமல் கையை விடாதே! அந்த வளையத்தையும் குமிழையும் தனிக்கடை மெக்கானிக்குத் தர மறுக்கிறார்கள் பெரிய கம்பெனிகள் பலர். உதிரிபாகத்தை எல்லாருக்கும் விற்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.